தகானே என்று சொல்ல வேண்டியவர்

தடோகோரோவுக்குத் 'த' வராது. அந்த எழுத்தில் தொடங்கும் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். சொந்தப் பெயரே அப்படி அமைந்ததால், புதியவர்களைப் பார்த்தால் குனிந்து வணங்கிப் பெயர் அட்டையை நீட்டிவிடுவார். எங்கள் கார் கம்பெனியில் பல வருடங்களை இப்படியே ஓட்டியவர். கூச்ச சுபாவம் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

வண்டி விஷயத்தில் மட்டும் பயம் கிடையாது. வட ஜப்பானின் ஹொக்காய்தோ பனியில் சோதனை வண்டி வழுக்கிச் சுழன்றபோது உள்ளே இருந்த மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர் எந்தச் சக்கரம் முதலில் பிடிக்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார். காரைவிட உயரம், ஜீப்பைவிடத் தாழ்வு, முழங்கால் வலிக்காரர்களும் சிரமமில்லாமல் ஏறி இறங்கலாம். அப்படி ஒரு வண்டியை அவர் தலைமையில்தான் உருவாக்கினார்கள்.

பெயர் வைப்பது என் பிரிவின் வேலை. கடைசியில் இரண்டு பெயர்கள் மிஞ்சின. நீர்ப்பரப்பு என்று பொருள்படும் மினாமோ, உயர்ந்த சிகரம் என்று பொருள்படும் தகானே.

"உங்க வண்டி, நீங்க சொல்லுங்க" என்றார் இயக்குநர் ஹசுமி.

"மினாமோ நல்லாருக்கு, சார்."

"குளத்துலயா விடப்போறோம்? மலையேறுற வண்டிய்யா இது."

எல்லோரும் சிரித்தார்கள். தகானே முடிவானது. "அறிமுக விழாவுல நீங்கதான் மேடையேறிப் பேரைச் சொல்லணும்" என்றார் ஹசுமி. தடோகோரோவின் முகம் வெளுத்துவிட்டது.

வெளியே காப்பி இயந்திரத்தருகே கோப்பை நிரம்பி வழிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"பேர் பிடிக்கலையா, சார்?" என்று கேட்டேன்.

"பிடிச்சிருக்கு, உகாய். என்னால சொல்ல முடியாது, அவ்வளவுதான்." அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார்.

"வேற யாராவது சொல்லட்டுமே. நான் இயக்குநர்கிட்ட பேசவா?"

"வேணாம். ஏன்னு என்னைக் கேப்பாரு. அதுக்கும் நான்தானே பேசணும்."

அதன் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மதிய வேளையில் சோதனை வண்டியின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து பழகுவார். "ஒத்தையில இருந்தா சரளமா வருது. யாராச்சும் எட்டிப் பாத்தா போச்சு" என்பார். சட்டைக் கழுத்துப்பட்டி தொளதொளவென்று ஆனது.

டோக்கியோவில் விழா. திரைக்குப் பின்னால் என் கையைப் பிடித்தார்.

"கால் மரத்துப் போச்சு, உகாய்."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. பேரை நான் போய்ச் சொல்லிடறேன்."

வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு கையை விட்டுவிட்டு மேடையேறினார்.

வண்டியைப் பற்றி அழகாகவே பேசினார். வண்டியை மூடியிருந்த துணி விலகியது. "இதன் பெயர்" என்றார், நின்றார். தாடை இறுகிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. கேமராச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. ஹசுமி தரையைப் பார்த்தார். மின்சாரமாவது நின்று தொலையக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டேன்.

அவர் இறங்கிப் போகவில்லை.

"எனக்குப் பேச்சு அடைக்கும். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

பிறகு, "த... த... தகானே."

முன்வரிசையில் இருந்த ஒரு நிருபர், "பின்கதவு குட்டையானவங்க கைக்கு எட்டுமா?" என்று கேட்டார். எட்டும் என்று சொல்லி, அதற்குக் கீலை எப்படி மாற்றினார்கள் என்பதைத் தடோகோரோ விளக்கத் தொடங்கினார்.

மேடையிலிருந்து வந்ததும் வாந்தி எடுத்தார். ஹசுமி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"முன்னாடியே ஏன்யா சொல்லல?"

"பயம், சார்."

அடுத்த வாரம் சப்போரோவில் விற்பனையாளர் கூட்டம். விமானத்தில் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். உள்ளங்கை வேர்வையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மறுபடியும் சொல்லணுமே" என்றார்.