சரிவில் நிறுத்திய பேருந்து

அவளுக்குப் பட்டப்பெயர் ஹேண்ட்பிரேக். வைத்தவர் அவளுடைய சொந்த அண்ணன். ஒரு தடவை இழுத்துவிட்டால் இறங்கவே மாட்டாளாம். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணை இப்படியா கூப்பிடுவது என்று யாராவது வருத்தப்பட்டால், "அது இல்லாத வண்டியில நீங்க ஏறுவீங்களா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

அவர்களுடையது, அப்பா ஒற்றைப் பேருந்தோடு தொடங்கிய பஸ் கம்பெனி. அந்த முதல் வண்டி, சாவியைத் திருகினால் பாதி நாள் கிளம்பாது. அதனால் யாரும் சீண்டாத ஒரு மேட்டு நிலத்தை வாங்கினார். வண்டியை மேலே ஏற்றி, மூக்கு கேட்டைப் பார்க்கும்படி நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். காலையில் கட்டையை எடுத்தால் வண்டி உருளும்; உருள்கிற வேகத்தில் கிளம்பிவிடும். பேருந்துகள் பதினாலாகப் பெருகி, சாவிக்கு அடங்குகிற புது வண்டிகள் வந்த பிறகும் அவர் அந்த வழக்கத்தை விடவில்லை. சமதரையில் நிறுத்திய டிரைவருக்கு அன்றைக்குச் செம டோஸ் விழும்.

அண்ணன் ஆபீஸ் அறையில் வளர்ந்தார். அங்கே மின்விசிறி இருந்தது. தங்கை ஷெட்டில் கிரீஸ் கையோடு வளர்ந்தாள். பதினாறு வயதிலேயே உதிரிபாக அறைச் சாவி அவள் இடுப்பில். கல்யாணம் செய்துகொண்டதும் இருக்கை உறை தைக்க வந்த தையல்காரரைத்தான். நாற்பத்தொன்றில் கனரக வாகன லைசென்ஸ் வாங்கி வந்து காட்டியபோது அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். "நீ ஓட்டினா எவன் ஏறுவான்?" அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னமும் சுடுகிறது.

அப்பா போனார், கம்பெனியும் போனது. பதினோரு வண்டிகள் கைமாறின. அப்பாவின் முதல் வண்டி உள்பட எஞ்சிய மூன்று கிழங்களை மட்டும் அவள் விடவில்லை. ஆறு வருடம் ஒவ்வொரு நட்டாகக் கழற்றி மாட்டினாள். கணவர் நூற்றிருபது இருக்கைக்கும் புது உறை தைத்தார். அண்ணனுக்கோ அந்த இடத்தில் குடோன் கட்ட ஆசை. மேட்டை வெட்டிச் சமப்படுத்த இயந்திரம் வந்த இரண்டு தடவையும், அவள் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாவகாசமாக வெங்காயம் உரித்தாள்.

கடைசியில் சொந்தபந்தம் கூடி ஒரு முடிவுக்கு வந்தது. மூன்றில் ஒரு வண்டியாவது, மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்க, யாரும் தள்ளாமல் தானாக ஓடினால் வண்டிகளும் ஷெட்டும் அவளுக்கு. ஓடாவிட்டால் மூன்றும் பழைய இரும்புக் கடைக்கு.

ஆய்வாளர் காலை பத்து மணிக்கு வந்தார். அப்பாவின் முதல் வண்டியில் ஏறி அவள் சாவியைத் திருகினாள். சத்தமே இல்லை. மறுபடி திருகினாள். ஒரு விளக்குகூட எரியவில்லை. இறங்கிப் போய் வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தால், நேற்று சாயங்காலம் சார்ஜ் ஏற்றி வைத்த பேட்டரியைக் காணோம். மற்ற இரண்டிலும் அதே கதை.

"கசிஞ்சுதும்மா," என்றார் அண்ணன், நகத்தைப் பார்த்தபடி. "ஷெட்டு பத்திக்கிட்டா யாரு பதில் சொல்றது? அதான் மூணையும் கழட்டிட்டேன். என் வீட்டுல பத்திரமா இருக்கு."

"இது அநியாயம் மச்சான்!" என்று கத்தினார் தையல்காரர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

அவள் காலிப் பெட்டியை அறைந்து மூடினாள். திருட்டுக்காக அல்ல. அப்பாவின் மகன் இதைச் செய்தானே என்றுதான்.

"அப்ப ஓடலைன்னு எழுதிக்கவா?" என்றார் ஆய்வாளர்.

"பேனாவ மூடுங்க சார்." அவள் மறுபடி வண்டியில் ஏறினாள். "ஏங்க, கேட்டத் தொறந்துட்டு வந்து கட்டைய எடுங்க."

அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்பது வருடம் அந்தச் சரிவில் ஏறி இறங்கியவர், அது எதற்கு என்பதையே மறந்துபோயிருந்தார். பேட்டரியைக் கழற்றினால் பழைய டீசல் வண்டியும் செத்துவிடும் என்று ஆபீஸ் அறையில் வளர்ந்தவர்தான் நினைப்பார்.

கட்டை விலகியது. வண்டி முனகியது, அசைந்தது, உருண்டது. இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடி பாதிச் சரிவு வரை பொறுத்தாள். பிறகு காலை எடுத்தாள். பேருந்து ஒரு குலுக்குக் குலுக்கி, கரும்புகையைக் கக்கி, உறுமிக்கொண்டு கேட்டைத் தாண்டியது.

"உருண்டு வந்ததெல்லாம் ஓடினதா ஆகுமா சார்?" அண்ணன் ஆய்வாளரின் கையைப் பிடித்துக்கொண்டார். "பள்ளத்துல விட்டா பூசணிக்காய் கூடத்தான் உருளும்!"

ஆய்வாளர் பதில் சொல்வதற்குள் வண்டி தெருமுனையில் வளைந்து திரும்பி வந்தது. கேட்டுக்குள் நுழைந்து, இருவரையும் கடந்து, முதல் கியரில் மேட்டை முழுவதும் ஏறியது. உச்சியில் வட்டமடித்து, மூக்கைக் கேட்டுக்கு நேராகத் திருப்பி நின்றது. தையல்காரர் ஓடிப்போய்க் கட்டையைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்.

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார்.

எஞ்சினை நிறுத்திவிட்டு அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"பேட்டரிய நீயே வச்சுக்கோண்ணா. நாளைக்கும் இப்படித்தான் கெளம்புவேன்."