கழற்றி வைத்த மூடி

மத்திகிரிக்குப் பக்கத்தில் நாராயணப்பனின் மாட்டுப் பட்டியில் தீவனத்துக்குச் சோளத்தட்டு வெட்டும் மிஷின் ஆஞ்சப்பனின் பொறுப்பு. அந்த வட்டாரத்தில் மிஷின்காரன் என்றால் சும்மாவா? சந்தைக்குப் போனால்கூட மேல்துண்டை ஒரு தினுசாகத்தான் போட்டுக்கொள்வான். பெரிய இரும்புச் சக்கரம், அதில் இரண்டு கத்திகள். அவன் சக்கரத்தைச் சுற்ற, எதிரே நின்று நஞ்சம்மா சோளத்தட்டை உள்ளே தள்ளுவாள். கையும் சேர்ந்து போய்விடாதபடி தட்டு நுழையும் வாயில் ஓர் இரும்பு மூடி.

ஆயுத பூஜையன்று மட்டும் அந்த மூடியைக் கழற்றுவார்கள். கத்திக்குப் பொட்டு வைக்க வேண்டுமே! பூஜை முடிந்ததும் மாட்டிவிட வேண்டும். ஐம்பத்தாறாம் வருஷம் ஆஞ்சப்பன் மாட்டவில்லை. மூடி இல்லாததால் ஈரத்தட்டு சிக்காமல் சரசரவென்று போயிற்று. சாயங்காலம்வரை இழுக்கும் வேலை மத்தியானமே முடிந்தது. "ஆஞ்சப்பன் கை வேகம் எவனுக்கு வரும்!" என்று எஜமான் நாராயணப்பன் நாலு பேர் முன்னால் சொன்னார். அது தலைக்கேறிவிட்டது.

"மூடி எங்கண்ணா?" என்று நஞ்சம்மா கேட்டாள்.

"நாளைக்கி மாட்டறன். நீ தள்ளு."

பன்னிரண்டாம் நாள் அவள் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

அவளை மாட்டுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கையோடு, மிஷின் கொட்டகையில் யாரும் இல்லாத நேரத்தில், ஆஞ்சப்பன் மூடியை எடுத்து மாட்டினான். எஜமான் வந்து பார்த்தார்.

"மூடிதான் இருக்குதே, கை எப்படிப்பா போச்சி?"

"பூஜையில பூசணிக்கா சரியா ஒடையல எஜமான். மிஷினு காவு வாங்கிடுச்சி."

ஊரே நம்பியது. "மூடி இல்லீங்க" என்று நஞ்சம்மா படித்துப் படித்துச் சொன்னாள். மூடியைக் கண்ணால் பார்த்த எஜமான் நம்புவாரா? பொய்க்காரி என்று பெயர் வந்தது. மிஷின் காவு வாங்கினவள் கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது என்று அவளைச் சாணி அள்ளப் போட்டார்கள். அவள் இடத்தில் கெம்பம்மா வந்தாள்.

தினமும் சாணிக்கூடையோடு கொட்டகையைத் தாண்டும்போது நஞ்சம்மா வெளியில் நின்றே கேட்பாள்: "மூடி மாட்டிக்கிதாண்ணா?" அவ்வளவுதான். ஆஞ்சப்பன் தலையாட்டுவான். அதற்குள் அவனுக்கு உடம்பெல்லாம் கூசிவிடும். ஒரு வார்த்தை திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருக்கும். அவள் திட்டவில்லை.

மறு ஆயுத பூஜை வந்தது. மிஷின் இன்னொரு கை கேட்கக் கூடாதென்று எஜமான் ஒரு சேவலைக் கட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் கொட்டகைக்குள் நின்றார்கள். நஞ்சம்மா மட்டும் வாசலுக்கு வெளியே, வெயிலில். "மூடியக் கழட்டுப்பா" என்றார் எஜமான். ஆஞ்சப்பன் திருகாணியில் கை வைத்தான். கை வரவில்லை.

"காவும் இல்ல, ஒண்ணும் இல்ல எஜமான். போன வருஷம் மூடிய மாட்டாம வுட்டவன் நான். வெரலு போனப்பறம் திருட்டுத்தனமா மாட்டனவனும் நான். அவ சொன்னதுதான் நெசம்."

சக்கரத்தடியில் கட்டியிருந்த சேவல் கூவியது. ஆஞ்சப்பன் குங்குமத்தைத் தொட்டு, கத்திக்கு வைக்காமல் மூடியின் மேல் வைத்தான். எஜமான் அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி, "உள்ள வாம்மா" என்றார்.

நஞ்சம்மா வந்தாள். மூன்று விரலால் மூடியைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"வெரலு போனாக்கூட போவுதுண்ணா" என்றாள். "ஒரு வருஷமா என்னப் பொய்க்காரின்னாங்க. நீ பக்கத்துலயே நின்னு கேட்டுனுதான இருந்த?"

ஆஞ்சப்பன் முறுக்கியிருந்த திருகாணியையே திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டிருந்தான்.