டோரதியின் டி டிரைவ்

டோரதி கொர்னேலியஸை மைசூரில் பெரிதாக யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் ஏழெட்டு டாக்டர்கள் இருபத்து மூன்று வருடமாக அவள் காதை நம்பித்தான் நோயாளி பார்த்தார்கள். அவர்களுக்கும் அவளைத் தெரியாது. நோயாளியைப் பார்த்து முடித்ததும் டாக்டர், காரில் ஏறும் அவசரத்தில், வாயில் எதையோ மென்றுகொண்டே மைக்கில் முனகுவார். அந்த முனகல் மைசூருக்கு வந்து சேரும். டோரதி காதில் மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து அதை ஓடவும் நிற்கவும் வைத்து, கேட்டதைத் தட்டச்சு செய்து ஒழுங்கான மருத்துவ அறிக்கையாக அனுப்புவாள். நானும் அதே வேலைதான். என் பெயர் நிம்மி. இரண்டு பேரும் ஒரே நாளில் மைசூர் ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் சேர்ந்தோம். அவள் என்னைவிட மூன்று வயது மூத்தவள். வேலையில் முப்பது வயது மூத்தவள் என்று சொல்லலாம்.

கொரோனாவுக்குப் பிறகு கம்பெனி பஸ் நின்றது. வீட்டிலேயே வேலை என்று ஆனது. அவளுக்கும் எனக்கும் என்.ஆர். மொஹல்லாவில் இரண்டு தெரு தள்ளி வீடு. அவள் கணவர் கொர்னேலியஸ் அண்ணா பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர், முழங்கால் போய்விட்டதால் முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டார். மகள் கேரல் மங்களூரில் நர்சிங் படிக்கிறாள். வீடு ஓடுவது டோரதியின் பத்து விரலில். ஐம்பத்து மூன்று வயதில் வேறு எந்த ஆபீஸ் கதவு திறக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும், அதனால் அதைப் பற்றிப் பேசமாட்டோம்.

அவள் வேகத்தின் ரகசியம் விரலில் மட்டும் இல்லை. எங்கள் வேலையில் எல்லோரும் சுருக்கங்கள் வைத்திருப்போம். இரண்டு மூன்று எழுத்து அடித்தால் கம்ப்யூட்டர் முழு வாக்கியத்தை விரித்துவிடும். டோரதியிடம் அப்படி ஆறாயிரத்துச் சொச்சம் இருந்தன. எல்லாம் அவளாகவே, ஒவ்வொன்றாக, இருபது வருடத்தில் சேர்த்தவை. அதுவும் அவள் மூளைக்கு மட்டும் புரிகிற மாதிரி. நோயாளி நல்ல நிலையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார் என்ற நீள ஆங்கில வாக்கியத்துக்கு அவள் அடிப்பது வி, பி, ஓ. 'வீட்டுக்குப் போ'. இரண்டு காலிலும் வலி என்பதற்குத் தன் மாமியார் பெயரின் முதல் மூன்று எழுத்து, ஏனென்றால் அந்த அம்மாள் சாகிறவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு பக்க அறிக்கையை அவள் நாற்பது தட்டலில் முடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். இருந்தது என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

இந்தச் சுருக்கங்களை எல்லாம் ஒரு கோப்பாக அவள் டி டிரைவில் வைத்திருந்தாள். டி டிரைவ் என்பது எங்கள் தலைமுறைக்குக் கிட்டத்தட்ட ஒரு மதம். நாங்கள் முதன்முதலில் கம்ப்யூட்டர் வாங்கிய மண்டி மொஹல்லா கடையிலேயே ஞானஸ்நானம் கொடுத்துதான் அனுப்பினார்கள்: "சி-ல ஒண்ணும் வெக்காதீங்க மேடம், வைரஸ் வந்தா சி-யைத்தான் அழிச்சுப் புதுசா போடுவோம். டி-யை யாரும் தொடமாட்டாங்க." எங்கள் ஊரில் எந்த ஜெராக்ஸ் கடையிலும், எந்த ஆபீஸிலும், எந்த வீட்டிலும் போய்ப் பாருங்கள், கல்யாண போட்டோவும் வீட்டுப் பத்திரமும் டி-யில்தான் இருக்கும். பென் டிரைவில் இன்னொரு பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் எங்களுக்கு வரவே இல்லை. கம்பெனியில் பென் டிரைவ் கண்டால் வேலை போய்விடும். நோயாளிகள் விவரம் வெளியே போய்விடக் கூடாதே. அந்தப் பயம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது.

போன அக்டோபரில் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. பழைய விண்டோஸ் இருக்கும் லேப்டாப்புகளை அடுத்த மாதம் முதல் உள்ளே விடமாட்டோம். வேலை முழுவதும் இனி பிரவுசரில்தான், அதனால் வேறு எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், பழையது மட்டும் ஆகாது. கீழே இன்னொரு பத்தி: ஜனவரியிலிருந்து டாக்டர் பேச்சைக் கேட்டு முதல் வரைவை இயந்திரமே எழுதிவிடும், திருத்துவதற்குத்தான் ஆள், நவம்பர் மாத வேகத்தைப் பார்த்து நாற்பது பேரில் பன்னிரண்டு பேரை வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தியை நான் மூன்று தடவை படித்தேன். டோரதி ஒரு தடவை படித்துவிட்டு, "எனக்கு ஸ்பீடு இருக்கு நிம்மி, லேப்டாப்தான் இல்ல" என்றாள்.

என் லேப்டாப் புதுசு. புது விண்டோஸ் தானாகவே ஏறிக்கொண்டது. அவளுடையது பழசு, புதியதைப் போட முயன்றால் முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னது. கேரலின் ஃபீஸ் கட்டிய மாதம், புது லேப்டாப் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்போதுதான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடும் யோசனையைச் சொன்னேன். சொன்னது நான்தான். இலவசம், பழைய லேப்டாப்பும் பறக்கும் என்று வீடியோவில் ஒருவர் காட்டியிருந்தார். அவர் சொன்னபடியே பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, ஒரு சனிக்கிழமை காலை, பெரிய மேதாவி போல அவள் வீட்டுக்குப் போனேன்.

கொர்னேலியஸ் அண்ணா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "சரியா செய்றீங்களாம்மா? கடைக்காரனைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டார்.

"எதுக்குண்ணா? அவன் செய்றதையேதான் நாங்களும் செய்றோம்" என்றேன்.

திரையில் இரண்டு வழி காட்டியது. விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் போடுவது ஒன்று. டிஸ்கை அழித்துவிட்டுப் போடுவது ஒன்று. விண்டோஸ் பக்கத்தில் இருந்தால் இடம்தான் அடைக்கும் என்றேன். டோரதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கீழே சின்ன எழுத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்தாள்.

"ஏய், ஸ்வல்ப இரு. டாக்குமெண்ட்ஸ், போட்டோஸ் எல்லாம் போயிடும்னு போட்டிருக்கான்."

"அது சி-ல இருக்கறது டோரதி. கடைக்கார குருபிரசாத் எத்தனை தடவை பார்மட் பண்ணியிருக்கான், ஒரு தடவையாவது டி-ல கை வெச்சிருக்கானா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? அழுத்து."

அவள் என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அழுத்தினாள்.

இருபது நிமிடத்தில் முடிந்தது. லினக்ஸ் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அதைச் சொல்லிவிட வேண்டும். லேப்டாப் நிஜமாகவே பறந்தது. வை-ஃபை உடனே வந்தது, கம்பெனிப் பக்கம் நொடியில் திறந்தது, பெடலைக்கூட அது தெரிந்துகொண்டது. "ஐயோ நிம்மி, இத்தனை நாள் எதுக்குடி மாரடிச்சோம்?" என்று டோரதி சிரித்தாள். கம்பெனிப் பக்கத்தில் அவரவர் சுருக்கங்களை ஏற்றிக்கொள்ள வசதி இருந்தது. கோப்பைக் காட்டினால் போதும். காட்டப் போனாள். டவுன்லோட்ஸ் இருந்தது, மியூசிக் இருந்தது, டி இல்லை. வேறு பெயரில் இருக்கும் என்றேன். எல்லா ஃபோல்டரையும் திறந்து பார்த்தோம். எல்லாம் காலியாக, சுத்தமாக இருந்தன. சி, டி இரண்டும் ஒரே டிஸ்க் என்பதும், நடுவில் கோடு போட்டுப் பிரித்திருந்தது மட்டும்தான் என்பதும், அந்தக் கோட்டையும் சேர்த்து நாங்கள் அழித்துவிட்டோம் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்போதே ஆட்டோ பிடித்து மண்டி மொஹல்லாவுக்குப் போனோம். குருபிரசாத் அரை மணி நேரம் எதையோ ஓடவிட்டுப் பார்த்தான். "ஏனூ சிகல்ல மேடம்" என்றான், ஒன்றும் கிடைக்காதாம். பழைய மாதிரி டிஸ்காக இருந்தால் கொஞ்சமாவது சுரண்டி எடுக்கலாமாம். இது புது மாதிரி, வேகம் வேண்டும் என்று போன வருடம் அவனே மாற்றிக்கொடுத்தது. அழித்தால் அழித்ததுதான். நான் அவனிடம் சண்டைக்குப் போனேன். டி-யை யாரும் தொடமாட்டார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கத்தினேன். "நாங்க தொடமாட்டோம்னு சொன்னோம் மேடம்" என்றான் பாவமாக. டோரதி என் கையைப் பிடித்து, "பிடு நிம்மி, விடு, வா போகலாம்" என்று கூட்டிவந்தாள்.

நவம்பர் முழுக்க அவள் உழைத்த உழைப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. என் சுருக்கக் கோப்பை அனுப்பினேன். ஏற்றிப் பார்த்தாள். என் செருப்பை அவள் காலில் மாட்டிய கதைதான். அவள் விரல் வி, பி, ஓ என்று அடிக்கும், திரையில் வி, பி, ஓ என்றே நிற்கும். அழித்துவிட்டு முழு வாக்கியத்தையும் அடிப்பாள். அடுத்த அறிக்கையில் விரல் மறுபடியும் அதையே அடிக்கும். இருபது வருடப் பழக்கத்தை விரலிடம் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? ஞாபகம் வந்ததை எல்லாம் நோட்டில் எழுதித் திரும்பச் சேர்த்தாள். மாதக் கடைசியில் நானூறு தேறியது. கொர்னேலியஸ் அண்ணா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்துக்குத் தைலம் தேய்ப்பார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனுஷன். சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டிசம்பர் முதல் வாரத்தில் பட்டியல் வந்தது. பன்னிரண்டு பெயர். எந்த மாதமும் முதல் இடத்தில் இருப்பவள் அதில் இல்லை. நான் இருந்தேன், பன்னிரண்டாவதாக. டோரதி தன் இடத்தில் இருந்திருந்தால் நான் பதின்மூன்று. இதைக் கணக்குப் போட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் ஆகியிருக்காது. வேண்டுமென்று செய்யவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? அவளிடம் சொன்னேன். வாசலில் நின்று அழுதுகொண்டே சொன்னேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள். "ஒருத்தியாவது உள்ள இருக்கியே, அது போதும்."

பிறகு அவள் எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டாள். இரண்டு பள்ளிக்கூடம், ஒரு ஸ்கேன் சென்டர், ஹெப்பாளில் கால் சென்டர். பதில் வந்த ஒரே இடத்தில் வயதைக் கேட்டுவிட்டு, கூப்பிடுகிறோம் என்றார்கள். கேரல் படிப்பை ஒரு வருடம் நிறுத்தி வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. லேப்டாப் மேசையில் மூடிக் கிடக்கிறது. எப்போது திறந்தாலும் நொடியில் எழுந்துகொள்கிறது, வேலைதான் இல்லை.

அவளுடைய டாக்டர்களில் ஒருவரை ஜனவரியில் எனக்கு ஒதுக்கினார்கள். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுகிறவர். இயந்திரம் அவர் பேச்சைக் கேட்டு எழுதியிருந்தது சுத்த உளறல். ஒரே இடத்தை இருபது தடவை ஓட்டிப் பார்த்தேன், பிடிபடவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு டோரதிக்குப் போன் போட்டு, அவர் முனகுகிற மாதிரியே முனகிக் காட்டினேன்.

நான் முடிப்பதற்குள் அவள் மருந்தின் பெயரைச் சொன்னாள், அளவோடு. அந்த டாக்டர் ராத்திரி வேளைக்கு எப்போதும் அதையேதான் எழுதுவார் என்றும் சொன்னாள். நான் தேங்க்ஸ் என்றேன்.

"நிம்மி, நீ எப்ப வேணா போன் பண்ணு" என்றாள். "இதுக்கு மட்டும் பண்ணாதே. என்னால தாங்க முடியல."

சரி என்று வைத்தேன். அந்த டாக்டரின் கோப்புகள் அன்றைக்கு இன்னும் பதினாறு பாக்கி இருந்தன.