புஷ்பவதி வாங்கிய சேர்வர்

2019.07.15 — மேசைக் கணினி ஒன்று — ரூ. 118,000
2024.03.18 — பாவித்த சேர்வர் ஒன்று — ரூ. 395,000
2024.05.20 — விளக்கம் கேட்டு முதற் கடிதம்
2024.06.30 — ஒப்பந்தம் முடியும் நாள்

இரண்டு இயந்திரங்களையும் தெரிவு செய்தவர் புஷ்பவதி. கொழும்புத் தலைமை அலுவலகத்தின் கடிதமும் அவருக்குத்தான் வந்தது. ஒப்பந்தமும் அவருடையது.

ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் அலுவலகத்தின் வேலை, துறைமுகத்தின் ஆழத்தை அளப்பது. படகு ஒலியலை அனுப்பி அடித்தரையை அளந்துவரும். அந்த எண்களைக் கணினி கணக்கிட்டு ஆழ வரைபடமாக்கும். வரைபடம் போய்ச் சேராமல் பெரிய கப்பலை உள்ளே எடுக்கமாட்டார்கள். நான் அங்கே பதிவேடுகளை எழுதுபவன்.

புஷ்பவதி கப்பல்துறை என்ற ஊரைச் சேர்ந்தவர். வயது நாற்பத்தொன்று. 2012இல் வேலைக்கு வந்தார். கணினி எதுவானாலும் முதலில் புறங்கையை அதன் பக்கத்தில் வைத்துச் சூடு பார்ப்பார். அதன் பிறகுதான் திரையைப் பார்ப்பார். பன்னிரண்டு ஆண்டும் ஆண்டுக்கொரு ஒப்பந்தம். வாரத்தில் இரண்டு நாள் காலையில் தாயைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்ததால், கொழும்பில் வேலை தேடுவது அவருக்கு ஏலாத காரியம். இங்கே இந்த வேலைக்கு வேறு அலுவலகமும் இல்லை.

சேர்வர் என்ற அந்தப் பெரிய கணினியின் இரண்டு செயலிகளிலும் சேர்த்து இருபத்துநான்கு கோர்கள், அதாவது தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள். மேசைக் கணினியின் செயலியில் இரண்டே இரண்டு. ஆனால் அந்த இரண்டும் வேகமானவை, இருபத்துநான்கும் நிதானமானவை. எங்கள் மென்பொருளோ ஒரு வரைபடத்தை ஒரு கோரிடம் மட்டுமே கொடுக்கும். ஆகவே மேசைக் கணினியில் 31 நிமிடத்தில் முடிந்த வரைபடம் சேர்வரில் 52 நிமிடம் எடுத்தது. நாளொன்றுக்கு எட்டு வரைபடம். 416 நிமிடம்; ஏறக்குறைய ஏழு மணித்தியாலம். வரைபடம் தாமதமானதால் மே மாதத்தில் இரண்டு கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருந்தன.

மெல்ரோய் என்ற வரைபடக்காரர் வாய் ஓயமாட்டார். “அக்கா ஆனை வாங்கிக் கட்டியிருக்கிறா. கரண்டைத் தின்னுது, நடக்குதில்லை,” என்றார். பதினான்கு நாளில் விளக்கம் தராவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்ற கடிதம் புஷ்பவதியின் மேசையில் கிடந்தது. தவணையை ஒரு முறை நீட்டிக் கேட்டு, ஜூன் 14 வரை பெற்றிருந்தார்.

ஜூன் 11 மாலை என் வரிசைக் கொப்பியைக் கேட்டு வாங்கினார். யார், எந்த வரைபடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“ஐயா, இதிலை ஒரு நாளும் ரெண்டு பேர் ஒரே நேரத்திலை ஓடவிடேல்லை.”

“சிவப்பு அட்டை ஆரிட்டை இருக்கோ, அவர்தானே விடலாம்.”

“அந்த விதியை ஆர் போட்டது?”

“நான்தான், பிள்ளை.”

2012இல் இருந்த கணினியில் இரண்டு வரைபடத்தை ஒன்றாக விட்டால் அது உறைந்துவிடும். அதனால் ஒரு நேரத்தில் ஒருவர், ஒரு வரைபடம் என்று அந்தச் சிவப்பு அட்டையை ஏற்படுத்தினேன். அந்தக் கணினி போய் 2019இல் மற்றது வந்தது, பிறகு சேர்வர் வந்தது. அட்டையை எடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. இருபத்துநான்கு கோர்களில் இருபத்துமூன்று மூன்று மாதமாகச் சும்மா இருந்தன.

அடுத்த நாள் ஒரு கோதுமைக் கப்பல் வெளியே நின்றது. பிற்பகல் மூன்று மணிக்குள் எட்டு வரைபடம் வேண்டும். படகு எண்களுடன் வந்தபோது ஒன்று நாற்பது. எட்டையும் சேர்வரில் ஒன்றாக விடப்போவதாகப் புஷ்பவதி சொன்னார். முகாமையாளர் யேசுரட்ணம் எழுந்து வந்து, உறைந்தால் எட்டும் போய்விடும், பழையதில் விட்டால் இரண்டு வரைபடமாவது வந்துசேரும் என்றார். கப்பலுக்கு எட்டும் தேவை என்றார் புஷ்பவதி.

1.48க்கு எட்டும் தொடங்கின. அந்த மென்பொருள் முடியும்வரை திரையில் ஒன்றும் காட்டாது. 2.19 ஆனது. மேசைக் கணினி என்றால் முதல் வரைபடம் வந்திருக்கும் நேரம். ஒன்றும் இல்லை. கப்பல் முகவர் இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டார். புஷ்பவதி இயந்திரத்தின் பக்கத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. 2.40. முதலாவது 2.41க்கு வந்தது. எட்டாவது 2.43க்கு. மொத்தம் 55 நிமிடம். அதே எட்டையும் மறுநாள் மேசைக் கணினியில் ஒன்றாக விட்டுப் பார்த்தோம்: 2 மணி 19 நிமிடம்.

பிரச்சினை அத்தோடு தீர்ந்தது என்றே நினைத்தேன். புஷ்பவதி எழுதிய விளக்கக் கடிதத்தைப் படித்த யேசுரட்ணம் அவரைக் கூப்பிட்டார்.

“சேர்வர் நல்லது எண்டு மட்டும் எழுதுங்கோ. ரெண்டு பக்கமும் எழுதினால் கொழும்பிலை உங்களிலைதான் பிழை பிடிப்பினம்.”

“அவசரத்துக்கு ஒரேயொரு படம் எண்டால் பழசுதான் கெதி, சேர். 31க்கு 52. அதை மறைச்சால் பிறகு இன்னொரு கப்பல் நிக்கும்.”

“வேலை போனால்?”

புஷ்பவதி கடிதத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். “நான் கோரை எண்ணினன், வேலை எப்பிடி நடக்குது எண்டு பாக்கேல்லை. அதையும் எழுதியிருக்கிறன்.”

ஒரு சொல்லையும் மாற்றாமல் ஜூன் 14 அன்று அனுப்பினார். அட்டை விதி என்னுடையது என்று தனிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு நானும் இணைத்தேன்.

ஜூன் 30 கடந்தது. பதில் இல்லை. ஒப்பந்தம் இல்லாதவர் உள்ளே வரக்கூடாது என்பதால் அவர் கப்பல்துறையில் வீட்டிலிருந்தார். ஒவ்வொரு நாளும் பத்தரைக்கு, தபால் வந்த பிறகு, எனக்குத் தொலைபேசி எடுப்பார். “வந்ததோ, ஐயா?” என்று மட்டும் கேட்பார். நான் இல்லை என்பேன்.

கடைசிக் கடிதத்தில் மூன்று விடயங்கள் இருந்தன. இரண்டு இயந்திரங்களையும் அவர் எழுதியபடி பயன்படுத்த வேண்டும். அவருடைய ஒப்பந்தம் ஓராண்டுக்கு நீடிக்கப்படுகிறது. தெரிவில் கவனக்குறைவு இருந்ததால் இவ்வாண்டுச் சம்பள உயர்வு நிறுத்தப்படுகிறது. நான் கையெழுத்திட்ட பக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது 2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை.