எட்டாங்கட்டை டெக்னோ

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே போன் ரிப்பேர் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் ஈயம் பற்றவைத்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் ரஞ்சனின் அறை ஞாபகம் வந்தது, கூடவே அவன் காதிலிருந்து வழிந்த இரத்தமும்.

ரஞ்சன், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலைபார்த்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கரின் மகன். கல்யாண வீடுகளுக்கும் எல்ல ஊரிலுள்ள சுற்றுலா விடுதிகளுக்கும் டீஜே. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கசெட்டுகளைக் கேட்டு டெக்னோ பைத்தியம் பிடித்தவன். தொண்ணூறுகளின் கடைசியில், அவன் பாட்டுகளுக்குக் கொழும்புக் கம்பெனிகள் கையை விரித்ததும், "நாங்களே வெளியிடுவம்" என்று பசறை வீதியின் எட்டாவது மைல்கல்லான எட்டாங்கட்டையில் அறை எடுத்தான். கம்பெனியின் பெயரும் அதுவே ஆயிற்று. முதல் கசெட் பத்தே பிரதி. இரண்டு வருடத்தில் பசறை பஸ்களெல்லாம் எங்கள் இரைச்சலோடுதான் வளைவு எடுத்தன. நான் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளை. அவனுக்கு டேப்பில் சத்தம் பிடித்துக் கொடுப்பவன். கொழுந்துத் தராசு, பெக்டரி மெஷின், எதையும் விடமாட்டேன். பெரிய கலைஞன் என்ற நினைப்பு வேறு.

தப்பு மேளத்தில் சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் சித்தப்பா செத்த அன்று அடித்ததைத்தான் நான் பிடித்துக் கொடுத்தேன். ரஞ்சன் துள்ளினான்.

"சோக்கான அடி மச்சான். எங்கை பிடிச்சனி?"

"தோட்டத்துலதான்."

வேகத்தைக் கூட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று போனது என் புத்தி.

அந்த அடியை வைத்துச் செய்த சீடியை முதன்முதலாக கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேர்த் திருவிழாவில் போட்டோம். உச்சி வெயில். தேர் லயத்தடிக்கு வந்ததும் ரஞ்சன் பட்டனை அழுத்தினான். இளவட்டங்கள் ஆடினார்கள். வடம் பிடித்த பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கையை விட்டார்கள்.

"சாமி தேருக்கு முன்னாடி சாவு மோளமாடா போடுறீங்க?"

கத்தியவர் கோயில் தலைவர். அவர் மகள் அன்று பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள்; மனுஷனுக்குக் கண் சிவந்துவிட்டது. ஸ்பீக்கர் பெட்டிகளைக் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் பிளந்தார்கள். தேர்ச் சக்கரத்துக்கு வைக்கிற முட்டுக்கட்டையால் ரஞ்சனின் இடது காதோடு சேர்த்து ஒரே அடி. விழுந்தவனை மிதித்தார்கள். முகம் கிழிந்து தொங்கியது. நானா? வீரன் அல்லவா, தேயிலைச் செடிக்குள் குப்புறக் கிடந்தேன்.

"கூட வந்தவன் எங்கடா?"

"நான் தனியத்தான் வந்தனான்" என்றான் ரஞ்சன். அதற்கும் மிதித்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப்போட்ட தலையை என் பக்கம் திருப்பி, "அது சாவு அடியெண்டு உனக்கும் தெரியாதுதானே, மச்சான்?" என்று கேட்டான்.

"தெரியாது."

வேடிக்கையைப் பாருங்கள், அந்த அடிதடிதான் எட்டாங்கட்டையை வளர்த்தது. ஹட்டனிலிருந்தெல்லாம் அந்தச் சீடியைத் தேடி வந்தார்கள். முட்டுக்கட்டை தூக்கிய ஆளே வந்து, "தம்பி, அந்தச் சாவுப் பாட்டு ஒன்னு குடுங்க" என்று பல்லிளித்தார். அவர் குரல்வளையை நெரிக்கலாம் போலிருந்தது எனக்கு. ரஞ்சன் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான்.

இடது காது அவனுக்குப் பிறகு கேட்கவேயில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் என்னை இடப்பக்கம் உட்காரவைப்பான். "உன்ரை காதை நம்பித்தான் கம்பெனி ஓடுது" என்பான்.

இப்போது கசெட்டும் இல்லை, சீடியும் இல்லை. எட்டாங்கட்டை அறை டயர் கடையாகிவிட்டது. போன மாசியில் ரஞ்சனும் போய்ச்சேர்ந்துவிட்டான். தெரிந்துதான் கொடுத்தேன் என்று அவனிடம் சொல்ல எனக்கு இத்தனை வருடம் இருந்தது.