இரண்டாவது அமுக்கு

1987இல் மேட்டூர் பக்கத்து ஆலை ஒன்றின் கணினிப் பிரிவில் நானும் சௌந்திரமும் வேலை பார்த்தோம். அவள் வெண்ணந்தூர்க்காரி, விவசாயக் குடும்பம். நான் சென்னையில் படித்தவன். அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது. கொதிகலனைக் கண்காணித்த கணினிக்குக் கெர்னல், அதாவது மற்ற நிரல்களையெல்லாம் மேய்க்கும் அடிப்படை நிரல், அவள் எழுதியது. சோதித்தவன் நான்.

ஒருநாள் கொதிகலனில் தண்ணீர் குறைந்துவிட்டது. குழாய்கள் கருகிவிட்டன. சற்று முன் வேறொரு எச்சரிக்கைக்கு அடித்த மணியைப் பொத்தானை அழுத்தி நிறுத்தியதாகவும், பிறகு அது அடிக்கவே இல்லை என்றும் ஆப்பரேட்டர் மாரியப்பன் சொன்னார். அவர் தூங்கிவிட்டார் என்று வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். திங்கட்கிழமை விசாரணை.

சௌந்திரத்துக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. தப்பு தன் நிரலில் இருந்தால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பொத்தானை இருவரும் முந்நூறு முறையாவது அழுத்தியிருப்போம். ஒவ்வொரு முறையும் அடுத்த ஆபத்துக்கு மணி ஒழுங்காக அடித்தது.

"மனுஷன் தூங்கியிருப்பார், விடுங்க" என்றேன். தப்பு எங்களுடையது என்றால் இரண்டு பேர் வேலையும் போய்விடும். எனக்கு அதுதான் கவலை.

சனிக்கிழமை அவள் மாரியப்பனையே அழைத்து வந்துவிட்டாள். அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"அன்னைக்குப் பண்ணுன மாதிரியே பண்ணுங்கண்ணா."

சோதனை மணி அடித்தது. அவர் பொத்தானை அழுத்தினார். கையை எடுத்த வேகத்தில் மறுபடியும் அழுத்தினார். மணி நின்றது. பிறகு என்ன செய்தும் அது அடிக்கவே இல்லை.

"எதுக்குங்கண்ணா ரெண்டு தடவை?"

"எங்க கெணத்து மோட்டார் ஒரே அமுக்குல புடிக்காதுங்க அம்மணி. கரண்டு பத்தாது. கை பழகிப்போச்சுங்க."

"எங்க ஊட்டுலயும் அப்படித்தானுங்க" என்றவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

பொத்தானின் சிக்னல் வந்ததும், அதை வாங்க வேண்டியது யார் என்ற குறிப்பைக் கெர்னல் அழித்துவிடும். மணியை இயக்கும் நிரல் தன் வேலையை முடித்த பிறகுதான் அந்தக் குறிப்பை மறுபடி பதியும். அந்த இடைவெளியில் இரண்டாவது சிக்னல் வந்தால், வாங்க ஆளில்லை என்று கெர்னல் மணி நிரலையே கொன்றுவிட்டது.

முதல் சிக்னலின் வேலை முடியும்வரை இரண்டாவதைக் காத்திருக்கவைக்கும்படி சாயங்காலத்துக்குள் மாற்றி எழுதினாள். மாரியப்பன் இருபது முறை அவர் பாணியிலேயே அழுத்திப் பார்த்தார். மணி ஒருமுறைகூடத் தவறவில்லை.

"விதிப்படி ஒரு தடவைதான் அழுத்தணும். அதை மட்டும் அறிக்கையில எழுதினா நாம தப்பிச்சோம்" என்று அவள் காதருகே சொன்னேன். சொல்லும்போதே கூசியது.

அவள் தட்டச்சு செய்தாள். 'பிழை கெர்னலில். ஆப்பரேட்டர் மீது தவறில்லை. நிரலை எழுதியவர்: சௌந்திரம்.' தன் பெயரையே தப்பாக அடித்துத் திருத்தினாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். "சோதிச்சது யாருன்னு எழுதட்டுங்களா?"

மாரியப்பன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். நான் தட்டச்சுப் பொறியை என் பக்கம் திருப்பி என் பெயரை அடித்தேன்.