மூன்று டெசிபல் மறதி

வேலூர்ப் பக்கம் ஒரு சிறிய கம்பெனியில் எம்.ஆர்.ஐ. மெஷினுக்கு ஆர்.எஃப். ஆம்ப்ளிஃபயர் டிசைன் செய்வது என் வேலை. உள்ளே படுத்திருப்பவரின் உடம்புக்கு ரேடியோ அலை அனுப்பும் பெட்டி அது. சொந்தக்காரர்கள் கேட்டால் வீட்டில் 'ஆஸ்பத்திரி மெஷின் ரிப்பேர்' என்பார்கள். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன்.

எங்கள் புதுப் பெட்டியை ஓர் ஆஸ்பத்திரியில் பொருத்திப் பத்து நாள் ஆகியிருந்தது. படங்கள் அருமையாக வந்தன. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். அப்போது ஸ்கேன் முடிந்து வந்த பெண்ணின் முழங்கையில், மெஷினின் குழாய்ச் சுவரில் பட்ட இடத்தில், ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம். பெயர் மல்லிகா. ஆம்பூர் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரஸ்ஸில் வேலை.

"சுட்டா அமுக்கு, நிறுத்திடறேன்னுதானே கையில பந்து குடுத்தேன், ஏம்மா அமுக்கல?" என்றார் டெக்னீஷியன் ஸ்டெல்லா.

"ஓடுற மெஷினை நடுவுல நிறுத்தினா சூப்பர்வைசர் கத்துவாரு மேடம். அந்தப் பழக்கத்துல பல்லைக் கடிச்சிக்கினு இருந்துட்டேன். பிரஸ்ல இதவிட ஜாஸ்தியா சுடும்."

உடம்புக்கு எவ்வளவு பவர் போகிறது என்று பார்க்க ஒரு மானிட்டர் உண்டு. அளவு மீறினால் அதுவே ஸ்கேனை நிறுத்தவேண்டும். நிறுத்தவில்லையே.

பக்கத்து ரூமில் பெட்டியைத் திறந்தேன். மானிட்டருக்குப் போகும் கேபிளில் சிக்னலைப் பாதியாகக் குறைக்கும் விரல்நுனி அளவு அட்டென்யுவேட்டர், மூன்று டெசிபல். லேபில் டெஸ்ட் செய்யும்போது மீட்டர் கருகாமல் இருக்க நான் மாட்டியது. கழற்ற மறந்து அப்படியே அனுப்பியிருக்கிறேன். அது இருந்தால் மானிட்டர் பாதி பவரைத்தான் பார்க்கும். இரண்டு மடங்கு போனாலும் சரி என்றே சொல்லும். படம் கெடாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

முதலாளிக்குப் போன் செய்தேன்.

"யானைக்கும் அடி சறுக்கும்பா. சத்தமில்லாம கழட்டிட்டு வந்துடு. வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் நம்ம பெட்டியத் தொடமாட்டான்."

அவர் கெட்டவர் இல்லை. நாற்பது குடும்பத்துக்குச் சோறு போடுவது அந்தப் பெட்டிதான். அட்டென்யுவேட்டரைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். பொய் சொல்வானேன், அப்படியே பஸ் ஏறிவிடத்தான் நினைத்தேன். ஆனால் இந்தப் பத்து நாளில் இன்னும் எத்தனை பேர் பல்லைக் கடித்தார்களோ என்ற எண்ணம் விடவில்லை. ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

மெஷினை நிறுத்தினார்கள். வந்துபோன எல்லோரையும் போனில் விசாரித்தார்கள். இன்னும் இரண்டு பேர், "ஆமா, சுட்டுச்சு, ஸ்கேன்னா அப்படித்தான் போலன்னு நினைச்சோம்" என்றார்கள். கேட்டதும் வெட்கமாக இருந்தது.

மருந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மல்லிகாவிடம், "தப்பு என்னுதும்மா" என்றேன்.

"பரவால்ல சார். எடுத்த படம் செல்லும்ல? மறுபடி லீவு கேட்டா தரமாட்டாங்க."

என்னை டிசைனிலிருந்து டெஸ்டிங்குக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு பெட்டியும் கிளம்புமுன், அளவு தெரிந்த பவரைக் கொடுத்து, மானிட்டர் அதே அளவைக் காட்டுகிறதா என்று நானே பார்க்கிறேன். புதிதாக வருபவர்கள், "பேஷண்ட் கையில பந்து இருக்கே சார்" என்கிறார்கள். அதை நம்பி எதையும் டிசைன் செய்யாதீர்கள் என்பேன். சுட்டால் சொல்வார்கள் என்பது நம் சௌகரியத்துக்கு நாம் நினைத்துக்கொள்வது. வேலைக்குப் போகிறவர்கள் பலர் சொல்லமாட்டார்கள்.